அறிவியல் புனைகதைக்கு ஒரு யாழ் அமைப்பது எப்படி: காற்றிலிருந்து பக்கம் வரை, படிப்படியாக

வேற்றுக் கிரகம், விண்கலம், எதிர்கால நகரம் என்று கதை எழுதுகிறவர்கள் எப்போதாவது ஒரு நரம்பு வாத்தியத்தைக் கதைக்குள் கொண்டுவருகிறார்கள். யாழ் வகை அதற்கு மிகவும் பிடித்தமானது. பார்க்க அழகாக இருக்கும், பழமையும் புதுமையும் சேர்ந்து தெரியும். ஆனால் நான் படித்துத் திருத்திய கைப்பிரதிகளில் பெரும்பாலானவை முதலில் பெயரை வைக்கின்றன, அடுத்து நரம்பை ஒளிர வைக்கின்றன. அதன்பின் வாத்தியம் எங்கே இருக்கிறது, யார் கேட்கிறார் என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கின்றன.

இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது. செவ்வாய்க் குடியிருப்பு ஒன்றில் நடக்கும் என் கதைக்காக 21 நரம்பு யாழ் ஒன்றை இதே வரிசையில்தான் அமைத்தேன். அதையே நெடுக எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப்புத்தகம், கால்குலேட்டர், சுருதி காட்டும் செயலி உள்ள கைபேசி. தூண்டிலுக்குக் கட்டும் நைலான் தங்கூசி நரம்பு, 0.6 மி.மீ. தடிமனில், மூன்று மீட்டர். ஒரு மேசை, இரண்டு பென்சில், ஒரு வாளி, தண்ணீர். நான்காம் படிக்கு இவை வேண்டும். சோதனையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்தவர் எழுதும் வாக்கியத்துக்கும் படத்தில் மட்டும் பார்த்தவர் எழுதும் வாக்கியத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

1. எந்தக் குடும்பம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையில் ஒரே தந்தியை மெட்டுகளில் அழுத்திப் பல சுரம் எடுக்கலாம். சந்தூரில் பெட்டியின் மேல் தந்திகள் படுத்திருக்கும், குச்சியால் தட்டுவார்கள். லைர் என்பது இரண்டு கைகளும் மேலே ஒரு குறுக்குச்சட்டமும் கொண்டது. அதன் நரம்புகள் ஒலிப்பலகைக்கு இணையாகப் போகும். யாழிலோ நரம்பு ஒலிப்பெட்டியிலிருந்து சாய்ந்து மேலே எழும்பும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? நரம்புகளின் எண்ணிக்கை, வாத்தியத்தின் அளவு, வாசிக்கும் கையின் அசைவு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. "ஐந்து நரம்பு யாழில் அவள் நூறு சுரங்களை எழுப்பினாள்" என்று எழுதினால் நீங்கள் மனதில் வைத்திருப்பது வீணை.

புகழ்பெற்ற கதைகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஸ்டார் டிரெக் தொடரில் ஸ்பாக் வாசிக்கும் வல்கன் வாத்தியத்தை லைர் என்றும் லூட் என்றும் ஹார்ப் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். திரையில் வாத்தியம் கண்ணெதிரே இருப்பதால் பாதகமில்லை. எழுத்தில் வாசகருக்கு உங்கள் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

2. கேட்பவர் எந்தக் காற்றில் இருக்கிறார்?

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒலி காற்றின் வழியே காதுக்கு வருகிறது. அந்தக் காற்றுதான் கிரகத்துக்குக் கிரகம் மாறுகிறது.

செவ்வாயின் வெளிப்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி கரியமில வாயு. அதே யாழை அதே வேகத்தில் மீட்டினால் ஒலி ஏறத்தாழ 20 டெசிபல் குறைந்துதான் வரும். அதோடு கரியமில வாயு உயர்ந்த சுரங்களைச் சீக்கிரம் விழுங்கிவிடும். சில மீட்டர் தள்ளி நின்றால் மேல் ஸ்தாயி போய்விடும், கீழ் ஸ்தாயியின் மங்கலான முனகல்தான் மிஞ்சும்.

செவ்வாய்க்கு நாசா அனுப்பிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கி மூலம் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. செவ்வாயில் ஒலிக்கு இரண்டு வேகங்கள்: தாழ்ந்த ஒலிகள் நொடிக்குச் சுமார் 240 மீட்டர், உயர்ந்தவை அதைவிட 10 மீட்டர் கூடுதலாக. இதைப் படித்ததும் "சுரங்கள் வரிசை மாறி வந்து சேர்ந்தன" என்று எழுதக் கை பரபரக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் தூரத்துக்கு வித்தியாசம் 8 மில்லிநொடிதான், காது அதைப் பிரித்தறியாது. அவ்வளவு தூரம் போவதற்குள் உயர்ந்த சுரமே கரைந்திருக்கும். நல்ல தகவல்தான், ஆனால் யாழுக்குப் பயன்படாது. விட்டுவிடுங்கள்.

சனியின் துணைக்கோளான டைட்டன் நேர் எதிர். அங்கே அழுத்தம் பூமியைப் போல் ஒன்றரை மடங்கு. குளிர் சுழியத்துக்குக் கீழே 179 டிகிரி. அதனால் வாயு நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தியாக இருக்கும். ஒலி எடுப்பாகப் புறப்படும், ஆனால் நரம்பின் அதிர்வை அந்த அடர்த்தியே சீக்கிரம் அடக்கிவிடும். நைலான் அந்தக் குளிரில் நொறுங்கக்கூடியதாகிவிடும் என்பதால் உலோகத் தந்திக்கு மாறுங்கள்.

நிலவில் காற்றே இல்லை. அங்கே ஒலி தொடுதலில் மட்டும்தான் வரும். யாழின் தண்டில் தலைக்கவசத்தைச் சாய்த்து வைத்தால் அதிர்வு கவசம் வழியே எலும்புக்கு ஏறும். ஒருவர் மீட்ட, இன்னொருவர் தலையைச் சாய்த்து வைத்துக் கேட்கிறார் என்றால் அந்த இருவருக்கும் இடையில் என்ன உறவு என்பதையும் அந்த ஒரு அசைவே சொல்லிவிடும்.

உள்ளிருப்பிடங்களையும் மறக்க வேண்டாம். குடியிருப்புக்குள் பூமியின் காற்றேதான் இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். 1973-ல் ஏவப்பட்ட ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் அழுத்தம் நம் தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்; பெரும்பகுதி ஆக்சிஜன். அங்கே பேச்சே தூரம் போகவில்லை. உங்கள் குடியிருப்பிலும் அப்படி என்றால் யாழைக் கேட்க எல்லோரும் நெருங்கி உட்கார வேண்டும். கச்சேரியின் வடிவமே மாறிவிடும். என் கதையில் நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

ஹீலியம் கலந்த காற்று இன்னும் சுவையானது. நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் இருந்தால் ஒலியின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். புல்லாங்குழலின் சுருதி அந்த வேகத்தை நம்பி இருப்பது. கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். யாழின் நரம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒலிப்பெட்டிக்குள் இருக்கும் காற்றின் முழக்கம் மட்டும் மாறுவதால் அதே சுரம் மெலிந்து கேட்கும். பூமியில் சேர்ந்து வாசித்த இருவர் அந்தக் கப்பலில் சுருதி சேராமல் நிற்பார்கள். ஒரு சிறுகதைக்கு இது போதும்.

3. கேட்கும் செவி

மனிதர் என்றால் இந்தப் படி ஒரு நிமிட வேலை: 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். வேற்றுயிர் என்றால் அதன் செவிக்கு எட்டும் எல்லையை இரண்டு எண்களாக எழுதி வைத்துக்கொண்டு நகருங்கள். அடுத்த படிக்கு அந்த எண்கள் தேவை. மனிதச் செவிக்கு எட்டாத சுரங்களை அந்த உயிர் ரசிக்கிறது என்றால், அந்தக் காட்சியை மனிதப் பாத்திரத்தின் பார்வையில் எழுத முடியாது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

4. நரம்பு: நீளம், தடிமன், இழுவிசை

நரம்பின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. நீளம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். இழுவிசை நான்கு மடங்கானால் ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு மீட்டருக்கான எடை நான்கு மடங்கானால் ஒரு ஸ்தாயி இறங்கும். 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் வகுத்த விதிகள் இவை.

இந்த மூன்றில் ஈர்ப்புவிசை இல்லை என்பதைக் கவனியுங்கள். "செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் நரம்புகள் சோம்பலாக அதிர்ந்தன" என்ற வாக்கியத்தை எத்தனையோ கைப்பிரதிகளில் அடித்திருக்கிறேன். ஊசலுக்கு ஈர்ப்பு வேண்டும். முறுக்கிக் கட்டிய நரம்பு எந்தக் கிரகத்திலும் அதே சுருதிதான் சொல்லும்.

இப்போது சோதனை. மேசையில் இரண்டு பென்சில்களை 60 செ.மீ. இடைவெளியில் குறுக்கே வையுங்கள். நரம்பின் ஒரு முனையை மேசைக்கு அந்தப் பக்கம் கட்டுங்கள். மறுமுனையைப் பென்சில்களின் மேலாக இழுத்து, மேசை விளிம்புக்கு வெளியே வாளியைத் தொங்கவிடுங்கள். வாளியும் தண்ணீரும் சேர்ந்து 2.3 கிலோ ஆகும்போது மீட்டினால் செயலி 220 ஹெர்ட்ஸை ஒட்டிக் காட்டும். விளிம்பின் உராய்வால் கொஞ்சம் முன்பின் ஆகலாம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மீட்டிப் பாருங்கள். முதல் லிட்டருக்குச் சுருதி வேகமாக ஏறும், போகப் போக ஏற்றம் தணியும். ஒரு ஸ்தாயி மேலே போக மொத்த எடை 9 கிலோவைத் தாண்டியாக வேண்டும். நரம்பு பென்சிலில் அழுந்தி நறநறவென்று முனகுவதையும், விரலில் அது கோடு போடுவதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இந்த வாளியை மட்டும் செவ்வாய்க்குக் கொண்டுபோனால் சுருதி இறங்கும். இங்கே இழுவிசையைத் தருவதே ஈர்ப்புதானே. அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 0.38 பங்கு, அதே தண்ணீருக்கு எட்டு சுரத்தானத்துக்கு மேல் கீழே போகும். எடைகள் தொங்கவிட்டுச் சுருதி வைத்த வாத்தியம் ஒன்றை உங்கள் பாத்திரங்கள் கிரகம் கிரகமாகத் தூக்கிச் சென்றால் அது ஈர்ப்பை அளக்கும் கருவியாகவே ஆகிவிடும்.

அடுத்து அறுந்துபோகும் எல்லை. "நரம்பு அறுந்தது, ஆகவே தடிமனானதைப் பூட்டினாள்" என்று எழுதுகிறார்கள். நீளமும் சுருதியும் மாறாதபோது தடிமனை இரட்டித்தால் தேவையான இழுவிசை நான்கு மடங்கு, தாங்கும் பரப்பும் நான்கு மடங்கு. ஆக, நரம்புக்குள் இருக்கும் அழுத்தம் கொஞ்சமும் மாறாது. அறுகிறதா என்பதை முடிவு செய்வது நீளம், சுருதி, பொருள் ஆகிய மூன்றுதான். அறாமல் இருக்க நீளத்தைக் குறையுங்கள், சுருதியை இறக்குங்கள், அல்லது பொருளை மாற்றுங்கள்.

புனைவுக்கு இடம் இருப்பது அந்தப் பொருளில்தான். எடைக்கு ஏற்ற வலிமை கூடினால் அதே சுரத்துக்கு இன்னும் நீளமான நரம்பு கட்டலாம். குண்டு துளைக்காத உடுப்புகளில் வரும் கெவ்லார் இழை நைலானைப் போல் ஏறக்குறைய இருமடங்கு நீளம் தாங்கும். ஜப்பானிய ஆய்வாளர் ஷிகெயோஷி ஒசாகி சிலந்தி இழையைத் திரித்து வயலின் நரம்பே செய்து காட்டினார். 2012-ல் அது வெளியானது. உங்கள் கற்பனைப் பொருளுக்குக் கவர்ச்சியான பெயர் தேடும் முன், அது எதைவிட எத்தனை மடங்கு வலியது என்று ஒரு எண்ணை எழுதிவிடுங்கள்.

என் யாழுக்கு வந்த கணக்கு இது. மூன்று ஸ்தாயி, ஸ்தாயிக்கு ஏழு, மொத்தம் 21 நரம்பு. எல்லாம் அதே 0.6 மி.மீ. நைலான், அதே 2.3 கிலோ இழுவிசை. அடிநரம்பு 110 ஹெர்ட்ஸ், 120 செ.மீ.; உச்சி நரம்பு சுமார் 825 ஹெர்ட்ஸ், 16 செ.மீ. வாத்தியத்தின் வளைவு ஏன் அப்படி இருக்கிறது என்பது இந்த எண்களைத் தாளில் கோடுகளாகப் போட்டதும் தானே தெரிந்துவிடும். அடிநரம்பு நீளம் அதிகம் என்று தோன்றினால் அதை மட்டும் தடிமனாக்கிக் குட்டையாக்கலாம்.

5. சட்டம் தாங்குமா?

இழுவிசைகளைக் கூட்டுங்கள். என் யாழில் 21 × 2.3, ஏறக்குறைய 48 கிலோ. இன்றைய மேடைகளில் உள்ள 47 நரம்பு பெடல் ஹார்ப்பில் இது 900 கிலோ அளவுக்குப் போகும். அதனால்தான் அதற்கு முன்பக்கம் ஒரு தூண் இருக்கிறது. தூண் இல்லாத வில் யாழுக்கு அவ்வளவு சுமை ஏற்ற முடியாது.

இங்கே அடிக்கடி வரும் தவறு: "செவ்வாயில் எடை குறைவு, எனவே சட்டத்தை மெல்லிய குழாயால் செய்தார்கள்." 40 கிலோ ஹார்ப் அங்கே 15 கிலோ போல் கனக்கும், சரி. நரம்பின் இழுவையோ பூமியில் இருந்த அதே அளவுதான். மெல்லிய குழாய் மடங்கிவிடும். தூக்குவது எளிது, சட்டம் செய்வது எளிதல்ல.

6. வாசிக்கும் கை

ஹார்ப் கலைஞர்கள் கைக்கு நான்கு விரல்தான் பயன்படுத்துகிறார்கள், சுண்டுவிரல் சும்மா இருக்கும். இதைத் தெரிந்துகொண்டாலே மூன்று விரல் உயிர் யாழ் வாசிப்பது நம்பக்கூடியதாகிவிடும். 47 நரம்பில் தொலைந்துபோகாமல் இருக்க அவர்கள் ஸ நரம்பைப் போல ஒன்றைச் சிவப்பாகவும் இன்னொன்றைக் கறுப்பாகவும் வைத்துக்கொள்கிறார்கள். நிறம் தெரியாத உயிருக்கு நீங்கள் வேறு அடையாளம் தர வேண்டும்: முடிச்சு, சொரசொரப்பு, வெப்பம்.

எடையற்ற கலத்தில் ஒவ்வொரு மீட்டலும் வாத்தியத்தைத் தள்ளும். கட்டிவைக்காவிட்டால் நாலு சுரத்துக்குள் யாழ் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இடுப்பில் வார், காலுக்கு ஒரு பிடி. இவ்விரண்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஒளிக்கற்றை யாழ் வேண்டும் என்பவர்களுக்கு: லேசர் ஹார்ப் ஏற்கெனவே மேடையில் இருக்கிறது, பிரெஞ்சு இசைக்கலைஞர் ழான் மிஷெல் ழார் வாசித்திருக்கிறார். அதில் விரலுக்கு எதிர்ப்பு கிடையாது. கை கற்றையை மறைக்கிறது, மின்கருவி ஒலிக்கிறது. விரல் காய்ப்பு, அறுந்த நரம்பு, சுருதி நழுவல் எதுவும் வராது. கதைக்கு வேண்டிய உரசல் எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது என்பதால் நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

7. சுருதி சேர்க்கும் நேரம்

புதிய நைலான் நரம்பு நாள்கணக்கில் நீண்டுகொண்டே இருக்கும். வந்திறங்கிய அன்றே மாலையில் கச்சேரி வைக்காதீர்கள்.

வில் யாழில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு நரம்பை முறுக்கினால் யாழின் வளைந்த தண்டு இம்மியளவு வளையும், மற்ற இருபதும் சற்றுத் தளரும். ஆகவே இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். உலோகத் தந்தியென்றால் குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். இவை எல்லாம் தடைகளாகத் தெரியலாம். எனக்கு இதில்தான் பாத்திரங்கள் உயிர்பெற்றன. பேசிக்கொண்டே சுருதி சேர்க்கும் ஒருவர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறார் என்பதே ஒரு பதில்.

8. இப்போது பெயர்

இத்தனை வேலை முடிந்தபின் பெயர் சுலபமாக வரும். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையிருப்பும் உண்டு. வளைந்த தண்டு கோடு, ஒலிப்பெட்டி பத்தர், மேலே மூடும் தோல் போர்வை, நரம்பை இறுக்கும் வார்க்கட்டு திவவு. 21 நரம்பு கொண்டது பேரியாழ். பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகள் இந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. சிறுபாணாற்றுப்படையில் திவவுக்கு வரும் உவமை, குரங்கு பாம்பைப் பிடித்திருப்பது: பாம்பு இறுக்கும்போது இறுகும், நெகிழும்போது நெகிழும். கட்டை அவிழ்த்தும் இறுக்கியும் சுருதி வைப்பதை விரலில் உணர்ந்த ஒருவரின் பார்வை அது. இந்த வகை வில் யாழ் பர்மாவில் சௌங் என்ற பெயரில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதன் காணொளிகளைப் பார்த்துக் கை எப்படிப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கதை மாந்தர் தமிழர் அல்ல என்றால் இச்சொற்களை அவர்கள் வாயில் வைக்காதீர்கள். விவரிப்பில் மட்டும் பயன்படுத்துங்கள்.

9. பக்கத்தில் எவ்வளவு வைப்பது

கணக்குப் போட்டதையெல்லாம் கதையில் கொட்டுவது கடைசித் தவறு. டியூன் நாவலில் வரும் பேலிசெட் பற்றி நமக்குத் தெரிவது கொஞ்சம்தான்: ஒன்பது நரம்பு, ஒரு சுரவரிசையின் பெயர், யார் வாசிக்கிறார் என்பது. அதுவே போதுமானதாக இருந்தது.

முதன்முறை வாத்தியம் வரும்போது மூன்று விவரம் கொடுங்கள். ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கு, ஒன்று விரலுக்கு. என் கதையில் நான் வைத்தவை: தோளுயரக் கோடு, இரண்டாம் வரிசைக்கு எட்டாத உச்சி நரம்பு, ஆள்காட்டி விரலில் அழியாத குறுக்குக்கோடு. 110 ஹெர்ட்ஸ் என்ற எண் எங்கும் இல்லை.

10. காற்றே மீட்டும் யாழ் வேண்டுமானால்

இதைத் தனியாக வைத்ததற்குக் காரணம், இதில் மட்டும் கணக்கு வேறு. காற்று நரம்பைக் கடக்கும்போது பின்னால் சுழல்கள் மாறி மாறிப் பிரிகின்றன. நொடிக்கு எத்தனை என்பது, காற்றின் வேகத்தைத் தடிமனால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால் கிடைக்கும். பூமியில் 1 மி.மீ. நரம்பும் நொடிக்கு 5 மீட்டர் காற்றும் என்றால் 1000 ஹெர்ட்ஸ்.

செவ்வாயில் நொடிக்கு 10 மீட்டர் காற்றடித்தாலும் 1 மி.மீ. நரம்பு பாடாது. காற்று அவ்வளவு மெலிது என்பதால் சுழலே பிரியாது. அங்கே 5 மி.மீ. வடம் வேண்டும். டைட்டனில் நொடிக்கு 1 மீட்டர் தென்றலே 1 மி.மீ. தந்தியை 200 ஹெர்ட்ஸில் தூண்டிவிடும். காற்று யாழ்க் காட்சியை எழுத ஆசைப்படுகிறவர்களை நான் டைட்டனுக்கே அனுப்புவேன்.

11. திருத்தும்போது

முதல் வரைவு முடிந்ததும் யாழ் வரும் பக்கங்களை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். நரம்பின் எண்ணிக்கை மாறியிருக்கும், வலக்கை இடக்கையாகியிருக்கும், பூட்டிய கவசத்துடன் யாரோ விரல்நுனியால் மீட்டிக்கொண்டிருப்பார். நரம்பு வாத்தியம் வாசிக்கும் ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்து, "எங்கே கை வலிக்கிறது?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் பெரும்பாலும் ஆறாம் படியில் அவசரப்பட்ட இடமாக இருக்கும்.

அப்புறம், கதையின் நடுவில் குடியிருப்பை வேறு கிரகத்துக்கு மாற்றினீர்கள் என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி வாருங்கள். நான்காம் படியில் போட்ட சுருதிக் கணக்கை மட்டும் தொட வேண்டாம். நரம்பின் பொருளை மாற்றாதவரை அது அப்படியே நிற்கும்.